நாலு பல் கட்டரும் பதினோரு பலகைகளும்

1. முதல் வெட்டு

என் கொட்டகையில் நானே கட்டிய சி.என்.சி. ரவுட்டர் முதன்முதலாக வெட்டியது, அது உட்கார்ந்திருந்த மேசையை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து கொடுத்தால், வேகமாகச் சுழலும் ஒரு கட்டரை அந்தப் படத்தின் கோட்டிலேயே நகர்த்திப் பலகையை வெட்டிக் கொடுக்கும் இயந்திரம் இது. வெட்டும் முன் கட்டரின் நுனியைப் பலகையின் மேல் வைத்து, "இதுதான் பூஜ்யம்" என்று அதற்குச் சொல்ல வேண்டும். நான் நுனியை மேசையின் மேல் வைத்துச் சொல்லிவிட்டேன். ஒரு வட்டம் கேட்டேன். அது ப்ளைவுட்டைத் துளைத்து, கீழே மேசைக்குள்ளும் அரை அங்குலம் இறங்கி, அளவு பிசகாமல் ஒரு வட்டம் போட்டது.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி ஸ்டெல்லா மேசையைக் குனிந்து பார்த்தாள்.

"வட்டம் நல்லாத்தான் வந்திருக்குது. மேசைதான் பாவம்."

புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மில்லிங் மெஷின் ஓட்டியவன் நான். இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு எல்லாம் என் கையில் வெட்டுப்பட்டிருக்கின்றன. "அந்தோணி செட் பண்ணா அளவு பாக்க வேணாம்" என்று என் சூப்பர்வைசரே சொல்லுவார். ஓய்வு பெற்று மரக்காணத்துக்குத் திரும்பியபோது எனக்கு வந்த பணத்தைவிட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்தேன். பின்னால் வந்த வம்புகள் எல்லாம் அந்த வாக்கியத்தால் வந்தவை.

2. உப்புக் காற்று

மெஷினைக் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. வீடியோவில் பார்க்கும்போது எல்லாரும் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் யாரும் உப்பளத்துக்கு நானூறு அடி தள்ளிக் குடியிருக்கிறவர்கள் இல்லை.

கட்டர் முன்னும் பின்னும் ஓட முதலில் தண்டவாளம் மாதிரி எஃகு ரயில் போட்டேன். திங்கட்கிழமை பளபளவென்று மாட்டியது, வெள்ளிக்கிழமை வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிட்டது. எண்ணெய் தடவினேன். காற்றில் வருகிற உப்பு எண்ணெயில் ஒட்டிக்கொண்டு இன்னும் சீக்கிரம் அரித்தது. கடைசியில் ஒரு ஜன்னல் கடையில் மீந்த அலுமினியச் சட்டங்களை வாங்கி, அதன் மேல் பிளாஸ்டிக் சக்கரம் ஓடும்படி மாற்றினேன். வேலை இல்லாத நேரத்தில் மெஷினை மூட ஸ்டெல்லாவின் பழைய நைட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வாசலில் போகிறவர்கள் உள்ளே யாரோ பூப்போட்ட நைட்டி போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள் என்று நினைத்து விலகிப் போனதுண்டு.

கட்டரைப் பிடித்துச் சுழற்றும் மோட்டாருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். என்னுடையது தண்ணீரால் குளிரும் வகை. ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, சின்ன பம்ப் போட்டு, குழாய் வழியாக அதைச் சுற்றி ஓட விட வேண்டும். நான் வாளியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு வாரத்தில் வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. ஸ்பிண்டில் கொதித்தது.

அன்று எதற்கோ வந்த கன்னியம்மா வாளியை எட்டிப் பார்த்தாள். பக்கத்து உப்பளத்தில் பத்துப் பெண்களைக் கூட்டி வேலை செய்கிறவள், அவளோடு பதினோரு பேர். வாளி விளிம்பை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"அண்ணே, நீங்களும் உப்பு காய்ச்ச ஆரம்பிச்சுட்டீங்களா? சொல்லியிருந்தா நாங்களே வந்து வாரியிருப்போமே."

அதற்குப் பிறகு கேன் தண்ணீர் வாங்கித்தான் ஊற்றுகிறேன். வீட்டில் நாங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். மெஷின் கேன் தண்ணீர் குடிக்கிறது. இதையும் ஸ்டெல்லா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறாள்.

3. சேகர் கொடுத்த உடைந்த கட்டர்

ஸ்பிண்டிலை எனக்குக் கொடுத்தவன் குயிலாப்பாளையத்துச் சேகர். அங்கே கெஸ்ட் ஹவுஸ்களுக்கு மேசை, கட்டில் செய்து கொடுக்கும் மரவேலைக் கூடம் வைத்திருக்கிறான். நாற்பது வயதிருக்கும். பெரிய மெஷின் வாங்கிவிட்டதால் பழைய ஸ்பிண்டிலைச் சும்மாவே தந்தான். கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தையும் என் சட்டைப் பையில் போட்டான்.

"இதையும் வெச்சுக்கோங்கண்ணே. பிளாஸ்டிக் கீஸ்டிக் வெட்டுனா உதவும்."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் தண்டுள்ள கட்டர். நுனியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டும் விளிம்பு இருந்தது. இன்னொரு பக்கம் மொட்டை. பாதியைக் காணவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. சும்மா கொடுக்கிறான் என்பதற்காக உடைந்ததைப் பொட்டலம் கட்டித் தருவதா? முப்பத்தொரு வருஷம் கட்டர் பிடித்தவனிடமா? என் டூல் பெட்டியில் தொழிற்சாலைக் காலத்து எச்.எஸ்.எஸ். என்ற எஃகுக் கட்டர் ஒன்று இருந்தது. நாலு ஃப்ளூட், அதாவது நாலு பல். நாலும் சவரக்கத்தி போல இருக்கும். நான் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோர் கீப்பர் கையில் கொடுத்து, "ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க" என்றார். எண்ணெய்த் துணியில் சுற்றி, உயிராக வைத்திருந்தேன். நாலு பல் இருக்கும்போது ஒற்றைப் பல் எதற்கு? சேகர் கொடுத்ததைக் கொட்டகைக்கு வெளியே வீசிவிட்டு அதோடு மறந்தும் போனேன்.

4. போகி

மார்கழியில் கன்னியம்மா ஒரு வேலையோடு வந்தாள். தன் உப்பு வாரும் பலகையைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தாள்.

பார்க்காதவர்களுக்கு: நீளமான மூங்கில் கம்பு, அதன் முனையில் குறுக்காக ஒரு மரப்பலகை. பாத்தியில் விளைந்த உப்பை இதனால்தான் இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போகும். அதில் அடித்த ஆணி இரண்டு மாதத்தில் உதிரும். ஒரு நாளைக்கு அதை எத்தனை நூறு தடவை இழுக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவள் வலது தோளைத் தூக்கும்போது முகம் சுளிப்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"உங்க மிஷின்ல பிளாஸ்டிக்ல செஞ்சி குடுக்க முடியுமாண்ணே? தண்ணி குடிக்கக் கூடாது. ஆணி இருக்கக் கூடாது. அடி விளிம்பு நேரா இருக்கணும். வளஞ்சிருந்தா பாத்தி மண்ணைக் கிளறி உப்பைக் கறுப்பாக்கிடும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. சமையலறையில் காய் நறுக்கும் பலகை இருக்கிறதே, அதே வகைப் பிளாஸ்டிக்கில் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் மூன்று தகடு சென்னையிலிருந்து வரவழைத்தேன். ஒரு தகட்டுக்கு ஆறு பலகை வரும். கம்பை நைலான் கயிற்றால் கட்ட நாலு துளை, அடியில் நேர் விளிம்பு, மேல் மூலைகளில் வளைவு என்று படம் வரைந்தேன். ஸ்டெல்லா திரையைப் பார்த்து, "இதை ரம்பத்துல அறுத்தா ஆவாதா?" என்றாள். கையால் அறுத்தால் விளிம்பு அலை அலையாக வரும் என்றேன். அது உண்மைதான். ஆனால் ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும் என்று வந்திருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

"பொங்கல் முடிஞ்ச மறுநாள் பதினோரு பலகையும் உன் கையில இருக்கும்" என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"நெசமாவா?"

"அந்தோணி சொன்னா சொன்னதுதான்."

அந்த வருஷம் மழை முன்னதாகவே விட்டுவிட்டதால் பாத்திகளில் தண்ணீர் ஏற்றி உப்பு கட்டத் தொடங்கியிருந்தது. போகியன்று காலையில் உப்பளப் பக்கமிருந்து நல்ல புகை வந்தது. சர்ச்சுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். பழைய பாய், முறம், கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். குவியலுக்கு நடுவில் கறுத்துப் போன மரப்பலகைகள் எரிந்தன. உப்பேறிய மரம் என்பதால் படபடவென்று வெடித்தது.

கன்னியம்மா கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"பதினொண்ணையும் போட்டுட்டோம்ணே. அதான் புதுசு வருதே."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பெருமையாக இருந்தது. அன்றுவரை நான் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூடப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

5. பஞ்சுமிட்டாய்

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, எண்ணெய்த் துணியைப் பிரித்து என் நாலு பல் கட்டரை எடுத்தேன். ஸ்பிண்டிலில் மாட்டினேன். சுழலும் வேகம் பதினெட்டாயிரம் ஆர்.பி.எம். ஃபீட், அதாவது கட்டர் நகர்கிற வேகத்தை, நிமிஷத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் வைத்தேன். பூஜ்யத்தை இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

முதல் பத்து விநாடி நன்றாகப் போயிற்று. பிறகு சீறல் சத்தம் மாறி முனகலானது. வெட்டிய இடத்திலிருந்து தூள் பறக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டரைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒன்று பருத்துக்கொண்டே வந்தது. திருவிழாவில் குச்சியைச் சுற்றிப் பஞ்சுமிட்டாய் பருக்குமே, அப்படி. நிறுத்திப் பார்த்தால், பிளாஸ்டிக் உருகிக் கட்டரின் நாலு பல்லுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு கல்லாக இறுகியிருந்தது. வெட்டின பள்ளம் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரும்பில் கட்டர் திணறினால் ஃபீடைக் குறைப்போம். எனவே முந்நூறுக்குக் குறைத்தேன். முன்னைவிடச் சீக்கிரம் உருகியது. நூற்றைம்பதுக்குக் குறைத்தேன். புகை வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முதல் தகடு முழுவதும் காலி. ஒரு பலகைகூட வரவில்லை. மேசை மேல் இருந்தது ஆறு பலகை அல்ல, குழந்தை கடித்துத் துப்பின மெழுகுவர்த்தி.

புதுத் தகடு சென்னையிலிருந்து வர பத்து நாளாகும். கையிலிருந்தது இரண்டு தகடு. பன்னிரண்டு பலகைக்குத்தான் காணும். எனக்குப் பதினொன்று வேண்டும்.

கன்னியம்மாவுக்கு போன் செய்து, "சின்ன செட்டிங் வேலை. ரெண்டு நாள்" என்றேன். செட்டிங் என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பது தொழிற்சாலையில் கற்றது. ரெண்டு நாள் நாலு நாளாயிற்று. அந்த நாலு நாளும் நான் கட்டரைச் சாணை பிடித்தேன், எண்ணெய் விட்டேன், திட்டினேன். தகட்டில் கை வைக்கவில்லை. பயம்.

6. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் கன்னியம்மா நேரிலேயே வந்துவிட்டாள். கூட இரண்டு பெண்கள், தோளில் பதினோரு மூங்கில் கம்பும் நைலான் கயிறும். கொட்டகை வாசலில் சாக்கை விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள்.

"உப்பு பூத்துப் போச்சுண்ணே. இன்னிக்கு வாரியாவணும். நாளைக்கு மழை வரும்னு போன்ல காட்டுது. ஒரு தூறல் விழுந்தா போதும், மொத்தமும் திரும்பத் தண்ணியாப் போயிடும்."

"யார்கிட்டயாச்சும் பலகை கேட்டுப் பாத்தியா?"

"எல்லா உப்பளத்துலயும் இன்னிக்கு வாருவாங்க. யாரு குடுப்பாங்க? எங்களுதத்தான் கொளுத்திட்டோமே." அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பலகையோடதான் போவோம். நீங்க வேலையப் பாருங்க."

பதினோரு பேருடைய முதல் விளைச்சல். ஒன்றரை மாத உழைப்பு. அது கரைந்தால், காரணம் மழை இல்லை, நான்.

வேறு வழியில்லாமல் இரண்டாவது தகட்டை வைத்து ஓட்டினேன். அதே முனகல். அதே பஞ்சுமிட்டாய். கைவசமிருந்த ஒரே ஒரு உபரிப் பலகையும் போயிற்று. இனி ஒன்றுகூடக் கெடக் கூடாது.

கன்னியம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, அது வெட்டவே இல்லையே. அங்கயே நின்னு தேய்க்குது."

"மெதுவாத்தான் போவும்மா. அப்பதான் சூடாவாது."

"பாத்தியில பலகைய அப்படி நிறுத்தி நிறுத்தித் தேச்சா உப்பு அடியில அப்பிக்கும். ஒரே இழுப்பா இழுத்துக்கினே போவணும். இதையும் வெரசா தள்ளிட்டுப் போவச் சொல்லிப் பாருங்களேன்."

"அது வேற கணக்கு கன்னியம்மா. இது இரும்பு வேலை."

அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இரும்பு எங்க இருக்குது? பிளாஸ்டிக்குதான இருக்குது?"

வாசலில் இருந்த இரண்டு பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குக் காது சூடேறியது. முப்பத்தொரு வருஷத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சின்னக் கேள்வி கேட்டதில்லை. கொட்டகைக்குப் பின்பக்கம் போய்ச் சேகருக்கு போன் செய்தேன். நாலு நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய போன்.

7. கூண்டுக் கதவு

முழுக்கக் கேட்டுவிட்டுச் சேகர் சொன்னான்:

"அந்த அம்மா சொல்றது கரெக்டுண்ணே. நாலு பல்லு போட்டு மெதுவா ஓட்டுனா ஒவ்வொரு பல்லும் துளித்துளியாத் தேய்க்கும். சூடு போவ வழி கெடையாது. பிளாஸ்டிக்குக்கு ஒரே பல்லு போதும். பெரிய பெரிய சுருளா வெட்டி வெளிய வீசணும். சூடு சுருளோடயே போயிடும். நான் குடுத்தேனே சிங்கிள் ஃப்ளூட் கார்பைடு, அதைப் போட்டீங்களா?"

"அது உடஞ்சதாச்சே."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"உடையலண்ணே. அது பொறந்ததே அப்படித்தான்."

குயிலாப்பாளையம் போய் வேறொன்று வாங்கி வரலாம் என்றால் சேகர் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தான், கூடம் பூட்டு. நான் கொட்டகையைச் சுற்றித் தரையைத் தடவிக்கொண்டு போனேன். முள்செடிக்குள் கையை விட்டேன். பெண்களும் எழுந்து தேடினார்கள். எதைத் தேடுகிறோம் என்று கேட்டார்கள். விரல் நீளம், பளபளப்பாக இருக்கும், ஒரு பக்கம் மொட்டை என்றேன்.

துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"துருவே பிடிக்காதே, அந்தக் குச்சியா?"

வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு இருக்கிறது. அதன் கதவுக்கு அவள் ஆணி போட்டாள், துருப்பிடித்து உடைந்தது. கம்பி போட்டாள், அதுவும் உடைந்தது. ஒரு நாள் குப்பை பெருக்கும்போது கிடைத்ததைச் செருகிப் பார்த்திருக்கிறாள். ஆறு மாதமாக உப்புக் காற்றில் நின்றும் ஒரு புள்ளி துரு இல்லை. சேகர் கொடுத்த கார்பைடு கட்டர், கூண்டுக் கதவின் இரண்டு வளையங்களுக்கும் நடுவில் புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"இது நல்ல சாமான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். துடைத்தேன், மாட்டினேன். சேகர் சொன்னபடி ஆர்.பி.எம்மைப் பன்னிரண்டாயிரத்துக்கு இறக்கி, ஃபீடை இரண்டாயிரத்துக்கு ஏற்றினேன். நூற்றைம்பதில் உருகியதை இரண்டாயிரத்தில் தள்ளு என்று விசையை அழுத்தும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கன்னியம்மா, "ம், தள்ளுங்க" என்றாள்.

கட்டர் பாய்ந்தது. முனகல் இல்லை. தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைச் சுருள் சுருளாகக் கொட்டியது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் ஆழமாக இறங்கி, நாலு நடையில் தகட்டைத் துளைத்து, சில நிமிஷத்தில் முதல் பலகை தனியாக வந்தது. கன்னியம்மா விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்ற இருவரிடமும் நீட்டினாள். ஒருத்தி உடனே மூங்கில் கம்பை எடுத்துக் கயிறு கட்ட ஆரம்பித்தாள்.

பத்துப் பலகை வரை ஒரு குறையும் இல்லை. பதினொன்றாவது பாதியில் இருக்கும்போது கோழி வந்தது.

கூண்டுக் கதவிலிருந்து கொக்கியைப் பிடுங்கிய நான் வேறு கொக்கி போடவில்லை. முதலில் இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. பிறகு ஸ்டெல்லாவின் செல்லமான கழுத்து மொட்டைக் கோழி நேராகக் கொட்டகைக்குள் நடந்து வந்து, ஒரே எகிறலில் மெஷின் மேசை மேல் ஏறி, குவிந்திருந்த சுருளைத் தீவனம் என்று நினைத்துக் கொத்த ஆரம்பித்தது. கட்டர் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

என் கை சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்குப் போயிற்று. அதை அழுத்தினால் மெஷின் தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிடும். மறந்தால் பதினொன்றாவது பலகை போச்சு, வேறு தகடு இல்லை. அழுத்தாவிட்டால் கோழி போச்சு. கோழி போனால் நான் போச்சு. கடைசி நொடியில் கையை மாற்றிக் கம்ப்யூட்டரில், இடம் மறக்காமல் நிறுத்தும் ஹோல்டு விசையைத் தட்டினேன். கட்டர் கோழியின் வாலுக்கு ஒரு சாண் தூரத்தில் சுழன்றபடியே நின்றது. கோழி அதைத் தலை சாய்த்துப் பார்த்தது. ஸ்டெல்லா பின்னாலிருந்து வந்து அதன் இரண்டு இறக்கையையும் சேர்த்து அள்ளினாள். நான் மறுபடி விசையைத் தட்டினேன். நின்ற இடத்திலிருந்தே போய்ப் பலகையை முடித்தது.

மணி இரண்டு. பதினோரு பலகையையும் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று பேரும் வரப்பில் ஏறக்குறைய ஓடினார்கள். நானும் பின்னால் போனேன். மற்ற எட்டுப் பேரும் பாத்தியில் காத்துக்கொண்டு நின்றார்கள். கன்னியம்மா முதல் இழுப்பு இழுத்தாள். உப்பு வெள்ளையாகச் சேர்ந்து வந்தது, மண் வரவில்லை. அவள் முகம் சுளிக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. உப்பளத்தில் நிற்கிறவனைக் கேட்டால் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பொழுது சாயும்வரை வாரினார்கள். மறுநாள் விடிந்ததும் மீதியையும் வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பத்து மணிக்குத் தூறல் விழுந்தது.

8. கட்டர் எடுக்கும் முன்

சின்னவர்கள் என்னிடம் வந்து எந்த கட்டர் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எத்தனை பல் என்று முதலில் பார்க்காதீர்கள். வெட்டப்போவது என்ன பொருள் என்று பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு ஒற்றைப் பல், மரத்துக்கு இரண்டு. வெட்டும்போது விழுவது தூளா, சுருளா, புகையா என்று பாருங்கள். தூள் என்றால் தேய்க்கிறது, புகை என்றால் போன் செய்ய நேரமாகிவிட்டது. வெட்டிப் பார்க்காமல் தேதி சொல்லாதீர்கள். யாராவது உங்கள் பேச்சை நம்பி எதையாவது கொளுத்தினால் தலையாட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

இந்த வருஷம் மார்கழியில் கன்னியம்மா மறுபடி வந்தாள். விளிம்பு தேய்ந்திருக்கிறது, புதிது வேண்டும் என்றாள்.

"எப்ப வேணும்?" என்றேன்.

"நீங்க எப்ப வேணா குடுங்கண்ணே. புதுசு கையில வந்தப்புறந்தான் பழச விடுவோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டே நாளில் வெட்டிக் கொடுத்தேன். தேதி மட்டும் சொல்லவில்லை.

அந்த நாலு பல் கட்டர் எங்கே என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலமே ஸ்டெல்லா என் முன்னால் கையை நீட்டினாள். கூண்டுக்குக் கொக்கி வேண்டும் என்றாள். எண்ணெய்த் துணியோடு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிட்டது. இப்போது வளையத்தோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால்கூட வராது. கழுத்து மொட்டைக் கோழி எவ்வளவு முட்டினாலும் கதவு திறப்பதில்லை. என் முப்பத்தொரு வருஷ அனுபவத்தை இந்த வீட்டில் எந்த இடத்தில் வைக்கலாம் என்று நான் எட்டு மாதம் யோசித்தேன், ஸ்டெல்லாவுக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிட்டது.